மெக்சிகோப் பொடியும் நம் மோர்மிளகாயும்

(ஜெராம் வட்டாரத் தோட்ட மாதர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பொடி. ஒரு பொடியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், அந்தப் பொடி நம் பிள்ளைகளின் வாய்க்குள் நாள்தோறும் செல்கின்றது. கொய்யாத் துண்டிலும், மாங்காய்க் கீற்றிலும், அன்னாசியிலும் சிவப்பாகத் தூவப்பட்டு, இரவுச் சந்தையிலும் பள்ளி வாயிலிலும் விற்கப்படுகின்றது. அதில் என்ன இருக்கிறது, அதை நம் கையால் செய்துகொள்ள இயலுமா என்று ஆராய்வது இல்லத்தரசிகளுக்கு உரிய கடமையே ஆகும்.

மெக்சிகோ நாட்டு முறையில் அமைந்த மிளகாய் எலுமிச்சைப் பொடி என்று இப்பொழுது பேரங்காடிகளில் சீசாக்களில் கிடைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெயர்பெற்றது ‘தஹின்’ என்னும் பொடி. 1985ஆம் ஆண்டில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் அதனைத் தயாரிக்கின்றது. மூன்று வகைக் காய்ந்த மிளகாய், உப்பு, நீர் வற்றவைத்த எலுமிச்சைச் சாறு, புளிப்புக்காகச் சிட்ரிக் அமிலம், கட்டி தட்டாமலிருக்க ஒரு சேர்மானம், இவ்வளவே அதில் உள்ளவை. அந்நாட்டில் மாம்பழத்தையும் வெள்ளரிக்காயையும் நீளவாக்கில் அரிந்து, மேலே எலுமிச்சை பிழிந்து, இப்பொடியைத் தூவித் தெருவில் விற்பார்கள். இதைக் கேட்டவுடன், ‘இது நம் ஊர் வழக்கமாயிற்றே’ என்று உங்களில் பலருக்குத் தோன்றும். மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்னாத தமிழ்ப் பிள்ளை எங்கேனும் உண்டா?

இந்த ஒற்றுமை வியப்புக்குரியது போல் தோன்றினாலும், அதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. மிளகாய் நம் பொருள் அன்று. அது மெக்சிகோவும் அதனைச் சூழ்ந்த அமெரிக்க நாடுகளும் பெற்றெடுத்த செல்வம். கொலம்பஸ் 1492இல் அக்கரை சென்ற பிறகுதான் பிற கண்டங்கள் அதைக் கண்டன. 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றிய போர்த்துகீசியரின் கப்பல்கள் அதை நம் பக்கம் கொண்டுவந்து சேர்த்தன. அதற்கு முன்பு நம் பாட்டிமாரின் அடுப்பில் காரம் தந்தது மிளகே. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால்தான் அது மிளகாய் ஆயிற்று.

எலுமிச்சையோ எதிர்த்திசையில் பயணம் செய்தது. நாம் எலுமிச்சை என்றும் மலாய்க்காரர்கள் லிமாவ் நிப்பிஸ் என்றும் சொல்லும் சிறிய, மெல்லிய தோலுள்ள பழம் இந்தத் தென்கிழக்காசியப் பகுதியிலே பிறந்தது. அரபு வணிகர் அதை மேற்கே கொண்டுசென்றனர். ஸ்பானியர் அதை அமெரிக்காவுக்குக் கடத்தினர். இன்று அதே பழத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘மெக்சிகோ எலுமிச்சை’ என்பதாகும்! 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் மாங்கன்றும் அக்கரை சேர்ந்தது. அக்கப்பல்கள் திரும்பும்போது கொண்டுவந்தவற்றுள் ஒன்று, நாம் ரோஜாக்கில் நறுக்கிப் போடும் செங்குவாங் கிழங்கு. அது மெக்சிகோ மண்ணில் பிறந்தது. இன்றும் அங்கே அதன் மேல் இதே பொடியைத் தூவித்தான் உண்கிறார்கள். கொய்யாவும் அன்னாசியும்கூட அமெரிக்கப் பிறவிகளே.

செடிகளின் பயணம் நம் தோட்ட மக்களுக்குப் புதிய செய்தி அன்று. நம்மை இந்நாட்டுக்கு அழைத்து வந்த ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது முதன்முதலில் வணிக நோக்கோடு நடப்பட்டது 1917இல், நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். ஆகவே, இந்த மெக்சிகோப் பொடியை அந்நியப் பண்டம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. அயல்நாட்டுச் சரக்கு என்பதற்காக அதிக விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. பாதி உறவு நம்முடையது.

இனி, சீசாவின் உள்ளே பார்ப்போம். சீசாவில் ஒட்டியுள்ள சீட்டை நம்மில் பலர் படிப்பதில்லை. நாம் குறிப்பிட்ட பொடியின் சீட்டில், ஒரு கிராம் பொடிக்கு 190 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிடப்பட்டுள்ளது. ஒரு கிராம் என்பது கால் தேக்கரண்டி. உப்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அந்தக் கணக்கின்படி பார்த்தால், பொடியில் ஏறக்குறையப் பாதி வெறும் உப்பே ஆகும். மிளகாயின் விலையையும் எலுமிச்சையின் விலையையும் கொடுத்து நாம் வாங்குவது பாதிக்குப் பாதி உப்பு! (அந்நிறுவனமே உப்புக் குறைந்த வகையொன்றையும் விற்கின்றது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.)

உப்பில் என்ன குற்றம் என்று கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கின்றது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2017, 2018ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வில், மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் உண்பது தெரியவந்தது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வளர்ந்தோருள் பத்தில் ஏறத்தாழ மூவருக்கு இரத்தக் கொதிப்பு உள்ளது. கருவாடு, பெலாச்சான், சோயா சாறு, ஊறுகாய், உடனடி மீ என்று உப்பு வரும் வழிகள் நம் வீடுகளில் ஏற்கெனவே பல. பழம் ஒன்றுதான் உப்பில்லாத உணவாக எஞ்சியிருந்தது. அதிலும் உப்பைக் கொட்டிப் பிள்ளைகளின் நாவைப் பழக்கிவிட்டால், பின்னர் அந்த நாவைத் திருத்துவது எளிதன்று.

உப்பைக் காட்டிலும் கொடியவை இரண்டு உண்டு. அவற்றைச் சீட்டில் காண முடியாது.

ஒன்று சாயம். 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. காரணம், ஒரு சாறு வகையில் சேர்த்த மிளகாய்த்தூளில் ‘சூடான் 1’ என்னும் சிவப்புச் சாயம் கலந்திருந்தது. மெழுகுக்கும் காலணி மெருகுக்கும் பயன்படும் சாயம் அது. உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. நிறம் மங்கிய பழைய தூளைப் புதிது போல் காட்டுவதற்காகப் பேராசைக்காரர்கள் செய்த வேலை! தூளைக் கண்ணாடிக் குவளை நீரில் தூவிப் பார்க்கும் சோதனை பலருக்குத் தெரியும். செங்கல்தூளும் மணலும் விரைந்து அடியில் தங்கும். நீரில் கரையும் சாயமாயின் கோடு கோடாக இறங்கும். ஆயினும், சூடான் சாயம் எண்ணெயில் கரையுமேயன்றி நீரில் கரையாது. ஆதலின், அச்சோதனையில் தேறிய தூளெல்லாம் தூய்மையானது என்று நம்பிவிடலாகாது. முழு மிளகாயாக வாங்கி நாமே அரைத்துக்கொள்வதே தக்க வழி.

மற்றொன்று ஈயம். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாய் மிட்டாய்கள், புளி மிட்டாய்கள் பலவற்றில் ஈயம் இருப்பதை ஒரு நாளேடு வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே அம்மாநிலம் மிட்டாய்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்துச் சட்டம் இயற்றியது. ஈயம் எப்படி வந்தது? வெட்டவெளியில் உலர்த்திய மிளகாயைக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடும் புழுதியோடும் அரைத்தது முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று கண்டார்கள். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்திருக்க வேண்டிய குற்றம் அது! ஆகவே, தூளாக்கும் முன் மிளகாயைக் கழுவுங்கள் என்று நாம் வலியுறுத்திச் சொல்வதை வீண் ஆசாரம் என்று கருதவேண்டா.

சரி, எப்படிச் செய்வது? இதற்கு நாம் மெக்சிகோவுக்குப் போக வேண்டியதில்லை. நம் பாட்டிமார் மோர்மிளகாய் போட்ட முறையே போதும். இரவில் மோரில் ஊறும். பகலில் வெயிலில் காயும். மாலையில் மீண்டும் அதே மோரில் விழும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீர்க்கும் வரையில் இது தொடரும். மோரின் இடத்தில் எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டால் நம் பொடி பிறந்துவிடும். தொழிற்சாலையில் இயந்திரத்தால் சாற்றை வற்றவைக்கிறார்கள். நாம் அந்த வேலையை மிளகாயிடமும் கதிரவனிடமும் விட்டுவிடுகிறோம்.

மிளகாயை இரு வகையாக எடுத்துக்கொள்வது நலம். நிறம் மிகுந்து காரம் குறைந்த காஷ்மீர் மிளகாய் மூன்று பங்கு, வழக்கமான நீட்டு மிளகாய் ஒரு பங்கு. மெக்சிகோக்காரர்களும் இவ்வாறே காரமுள்ளதையும் சாந்தமானதையும் கலக்கிறார்கள். கரும்புள்ளியோ பூசணமோ உள்ள மிளகாயைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அப்பூசணம் உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் போவதில்லை. நல்ல மிளகாயை இரண்டு தண்ணீரில் விரைவாக அலசி, வடித்து, அரை நாள் உலர்த்துங்கள். பிறகு காம்பு நீக்கி, கத்தரிக்கோலால் பிளந்து, விதையை உதறிவிடுங்கள். மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சவ்வில் உள்ளது. பிள்ளைகளுக்கான பொடியாயின் அச்சவ்வையும் சுரண்டிவிடலாம். கைகளில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு இவ்வேலையைச் செய்தால் எரிச்சல் குறையும். முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவும் வரை கண்ணைத் தொடலாகாது.

இவ்வாறு துப்புரவு செய்த மிளகாய் 100 கிராம் என்றால், உப்பு 25 கிராம், அதாவது மட்டமாக அளந்த நான்கு தேக்கரண்டி. எலுமிச்சைச் சாறு 200 மில்லிலிட்டர். பழத்தின் பருமனைப் பொறுத்து எட்டு முதல் பன்னிரண்டு பழம் வரை ஆகும். லிமாவ் கஸ்தூரி உங்கள் வீட்டுப் பின்புறத்தில் காய்த்துக் கிடந்தால் பாதிக்குப் பாதி அதையும் சேர்க்கலாம். மணம் சற்று வேறுபடும், கெட்டுப்போகாது. பிழிவதற்கு முன் நான்கு பழங்களின் பச்சைத் தோலை மட்டும் மெல்லத் துருவித் தனியே நிழலில் காயவையுங்கள். எலுமிச்சையின் மணம் தோலில்தான் இருக்கிறது, புளிப்புதான் சாற்றில். தோலுக்கு அடியிலுள்ள வெண்பகுதி கசக்கும். துருவல் அதைத் தொடாமல் நிற்க வேண்டும். வெயிலில் வைத்தால் மணம் பறந்துவிடும் என்பதால்தான் நிழல் என்றோம்.

சாற்றில் உப்பைக் கரைத்து, மிளகாயைப் போட்டு, கண்ணாடியிலோ பீங்கானிலோ எவர்சில்வரிலோ ஊறவையுங்கள். அலுமினியமும் பித்தளையும் கூடவே கூடாது. புளிப்பு அவற்றை அரிக்கும். காலையில் மிளகாயை எடுத்து எவர்சில்வர்த் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வையுங்கள். எஞ்சிய சாறு மூடியபடி நிழலில் இருக்கட்டும். மாலையில் மிளகாய் திரும்பவும் சாற்றுக்குள். மூன்று நாட்களில் சாறு வற்றிப்போகும். அதன் பின் இன்னும் இரண்டு நாள், விரலால் ஒடித்தால் ‘படக்’கென்று முறியும் பதம் வரும்வரை காய வேண்டும்.

இடம் பற்றி ஒரு சொல். செம்மண் சாலையோரத்திலும், லாரிகள் போய்வரும் வழியிலும், தகரக் கூரையின் மேலும் உலர்த்தும் பழக்கம் நம்மிடையே உண்டு. புழுதியும் துருவும் மிளகாயோடு சேர்வது அங்கேதான். மேசையின் மேல், தட்டில், துணியின் அடியில் என்பதே விதி.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெராம் கடற்கரை ஊர். காற்றில் ஈரம் மிகுதி. இந்த மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். பிப்ரவரியும், ஜூன், ஜூலையும் ஓரளவு வறண்டவை. பாசிர் பெனாம்பாங்கில் மீன் உலர்த்துவோரைக் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். மழை பிடித்துக்கொண்டால் மிளகாய் புளிப்புச் சாற்றிலேயே ஓரிரு நாள் கூடுதலாகக் கிடப்பதால் கெடுதியில்லை. புளிப்பும் உப்பும் அதைக் காக்கும். சாறு வற்றிய பிறகு மழை வந்தால்தான் இடர். அப்போது மின்சார அடுப்புப் பெட்டி உள்ளவர்கள் 60 முதல் 70 பாகை வெப்பத்தில், கதவைச் சற்றே திறந்துவைத்து உலர்த்தலாம். அது இல்லாதவர்கள் மின்விசிறியின் கீழ் இரவு முழுவதும் பரப்பிவைக்கலாம். பூசண நூல் ஓரிடத்தில் தென்பட்டாலும் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மனம் வராதுதான், ஆயினும் கொட்டுங்கள்.

காய்ந்த மிளகாயை அடிகனத்த வாணலியில் மிக இளந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி, ஆறவிட்டு, துருவி உலர்த்திய தோலையும் சேர்த்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கருகவிடலாகாது, கருகினால் எலுமிச்சை கசந்துபோகும். நெடி மூக்கில் ஏறும். குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டுச் சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஏறத்தாழ 140 கிராம் பொடி தேறும். அதில் உப்பு ஆறில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. கடைப்பொடியின் பாதிப் பங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! உப்புக் குறைந்தது நாவுக்குத் தெரியாமலிருப்பதற்குக் காரணம் எலுமிச்சையின் புளிப்பு. புளிப்பு மிகுந்த இடத்தில் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடுவதில்லை. ஆகவே, ‘சப்பென்றிருக்கிறது’ என்று யாரேனும் சொன்னால் உப்பைக் கூட்டாதீர்கள். அடுத்த முறை சாற்றைக் கூட்டுங்கள்.

ஐந்து நாள் காத்திருக்க நேரமில்லாத சகோதரிகளும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள் 100 கிராமுக்கு வறுத்து ஆறிய உப்பு 25 கிராம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் 10 கிராம், உலர்ந்த தோல் துருவல் ஆகியவற்றைக் கலந்து கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்த எலுமிச்சை உப்பில் எலுமிச்சையும் இல்லை, உப்பும் இல்லை என்பது ஒரு வேடிக்கை. சர்க்கரைப் பாகில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து ஆலைகளில் எடுப்பது அது. தீங்கற்றதுதான். ஆனால் சுவையில் ஒரு கூர்மை மட்டும் இருக்கும். பழத்தின் நயம் இராது. நாம் முதலில் சொன்ன முறையையே விரும்புகிறோம்.

தமிழகத்தில் வேப்பிலைக்கட்டி என்று ஒரு பண்டம் உண்டு. பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பவை நார்த்தை இலை, எலுமிச்சை இலை, காய்ந்த மிளகாய், உப்பு, ஓமம், பெருங்காயம் முதலியவை. மெக்சிகோப் பொடிக்கு அதைவிட நெருங்கிய உறவை நாம் கண்டதில்லை. அதை நினைத்துக்கொண்டு, லிமாவ் பூருட் இலை இரண்டு மூன்றை நடுநரம்பு கிழித்து நிழலில் உலர்த்தி நம் பொடியோடு அரைத்தால், பழத்துக்கு மட்டுமன்றி, சுட்ட மீனுக்கும் மிகப் பொருந்தும். ஜெராம் கடற்கரையில் மீன் சுடும் கடைகளுக்கு வெளியூரார் வண்டி வண்டியாக வருகிறார்கள். அந்த மீனின் மேல் நம் பொடியைத் தூவிப் பார்க்கலாமே!

பொடியைச் சிறு கண்ணாடிச் சீசாக்களில் பகிர்ந்து வையுங்கள். சீசா வெயிலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரக் கரண்டி உள்ளே போகலாகாது. ஒரு கரண்டிப் பச்சரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஈரத்தை ஓரளவு இழுத்துக்கொள்ளும். கடைப்பொடியில் உள்ள சேர்மானம் நம்முடையதில் இல்லையாதலால் கட்டி தட்டும், உதிர்த்துப் பயன்படுத்தலாம். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டா. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. மற்றப் பிள்ளைகளும் தின்றபின் வாய் கொப்பளிக்கட்டும். புளிப்பு பல்லில் தங்கலாகாது.

விற்கலாமா என்று கேட்கும் சகோதரிகளுக்கும் விடை கூற வேண்டும். விற்கலாம். ஆனால், 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, சீட்டில் பொருளின் பெயர், சேர்க்கப்பட்டவை, எடை, தயாரிப்பவரின் பெயர், முகவரி ஆகியவை இருத்தல் வேண்டும். உணவைக் கையாள்வோர் அதற்கான பயிற்சியும் தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதி. சிறு தொழில் செய்வோருக்காகச் சுகாதார அமைச்சு ‘மெஸ்தி’ என்னும் சான்றிதழை வழங்குகின்றது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நால்வர் சேர்ந்து செய்தால் மிளகாயை மொத்தமாக வாங்கலாம், வேலையும் பகிர்ந்துபோகும். சீட்டில் ‘உப்பு ஆறில் ஒரு பங்கு’ என்று நீங்களே அச்சிட்டுவிட்டால், அது விளம்பரமாகவும் அமையும்.

இறுதியாக, பிழிந்த எலுமிச்சை மூடிகள் பதினாறு முதல் இருபத்துநான்கு வரை மீந்திருக்கும். அவற்றைக் குப்பையில் போடாதீர்கள். தோல் துருவாதவற்றை நறுக்கி ஊறுகாய்க்குச் சேர்த்துக்கொள்ளலாம். துருவியவற்றில் சிறிது உப்பைத் தொட்டு மீன் அரிந்த பலகையையும் கத்தியையும் தேய்த்தால் கவிச்சை நீங்கும்.